அதங்கோட்டு ஆசான் கேட்ட இலக்கணம்

(நாகர்கோவிலில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கையரே, வணக்கம்.

தொல்காப்பியத்தை அரங்கேற்றத்தில் குற்றமறக் கேட்டவர் அதங்கோட்டு ஆசான். அந்த அதங்கோடு நம் விளவங்கோடு வட்டத்து ஊர்தான் என்று மார்தட்டிக்கொள்கிறோம். அப்படியானால் அந்நூலின் சொல்லதிகாரத்தில் முதல் இயலான கிளவியாக்கத்தையும் நாம் காதில் வாங்க வேண்டும். "ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி ஆண்மை அறிசொற்கு ஆகிடன் இன்றே" என்கிறது ஒரு நூற்பா. ஆண்மை நீங்கிப் பெண்மை ஏற்றவரின் பெயர் 'வந்தான்' என்று முடியாது. 'வந்தது' என்று முடியுமா? அதற்கும் வழியில்லை; அவர்களை உயர்திணையில் வைத்தே அந்த இயல் பேசுகிறது. உரையாசிரியர்கள் காட்டும் பழம்பெயர்கள் இன்று வசையாகிவிட்டன, அவை வேண்டாம். வினைமுற்றுக்கான விதியை எடுத்துக்கொள்வோம்.

2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைந்தது. 'திருநங்கை' என்ற சொல் இன்று எல்லோர் வாயிலும் வருகிறது, மகிழ்ச்சி. ஆனால் வாக்கியத்தின் கடைசியில்தான் நம் மனம் தெரிந்துவிடுகிறது.

வடசேரியிலிருந்து தக்கலை போகும் நகரப் பேருந்தில் ஒருநாள் பார்த்தேன். நடத்துநர் முறைப்படி கட்டணமில்லா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அந்தத் திருநங்கை அதை மடித்துக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் அமர்ந்தார். பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. நின்றுகொண்டிருந்த ஒருவர் தம் மனைவியிடம், "வில்லுக்குறியில் அது இறங்கிவிடும், பிறகு உட்காரலாம்" என்றார். குரலைத் தாழ்த்தவே இல்லை. ஜன்னலோரத்தில் இருந்தவர் கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். அரசு கொடுத்த டிக்கெட்டை அந்த ஒரு 'அது' பறித்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

'அவர் வந்தார்' என்று சொல்ல நமக்கு என்ன செலவு? நெருங்கிப் பழகியவர் 'அவள்' என்று சொல்லட்டும், அக்கா என்று கூப்பிடட்டும். மகனையும் மகளையும் ஒரே வாயால் 'மக்களே' என்று கொஞ்சுகிற ஊர் இது. அந்த அழைப்பு இவர்களை மட்டும் ஏன் எட்டுவதில்லை?

இன்னொன்று. "ஆபரேஷன் ஆகிவிட்டதா?", "பழைய பெயர் என்ன?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்கிறோம். வேறு எந்தப் பெண்ணிடமாவது அவர் உடலைப் பற்றி இப்படி விசாரிப்போமா? தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு; அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே தீர்ப்பளித்துவிட்டது. திருநர் உரிமைகளைப் பாதுகாக்க வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, இவர்களைச் சொல்லால் துன்புறுத்துவதையும் தண்டனைக்குரிய குற்றங்களோடு சேர்த்திருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மரியாதை வருவதில் எனக்குப் பெருமையில்லை, அப்படியாவது வரட்டும்.

பத்திரிகை நண்பர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். பாலினம் தொடர்பான செய்திகளில் எந்தச் சொற்களைப் பயன்படுத்தலாம் என்று தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழிலேயே சொற்பட்டியல் வெளியிட்டிருக்கிறது. அதை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்திலிருந்து வரும் குறிப்பில் பழைய ஆண் பெயரைப் போட்டு, 'என்கிற' என்று சேர்த்து, அதன்பின் அவர் பெயர் இருக்கும். அதை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். அவர் சொல்லும் பெயரை மட்டும் போடுங்கள். வினைமுற்றை 'ஆர்' விகுதியில் முடியுங்கள்.