எந்த மாசத்துக் கச்சான்?

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த வானொலி நிலையத்தின் வாசலில் இறங்கி, கடலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு காமராசர் சாலையில் வடக்கே நடந்தால், விவேகானந்தர் இல்லம், மாநிலக் கல்லூரி எல்லாம் தாண்டி, கூவம் கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால் சிவப்புச் செங்கல்லும் கும்மட்டங்களுமாக ஒரு கட்டடம் வரும். சிசோம் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்து 1879-இல் முடிந்த, சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் அது. ஆய்வு மாணவனாக உள்ளே போய், ஆசிரியராக ஓய்வு பெற்று வெளியே வந்தவன் நான். அந்த வளாகத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தது. பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது பாடமே நடத்தவில்லை. கல்லூரிகள் கற்பித்தன, பல்கலைக்கழகம் தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான். அதன் முதல் பட்டதாரிகளாக வந்த இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். அவர்களில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. பிற்காலத்தில் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிக் கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சில் ஏற்றினாரே, அவரேதான்.

பட்டம் கொடுப்பதற்கென்றே பிறந்த இடம், பட்டம் இல்லாத ஒருவருக்கு ஒரு நாள் கதவைத் திறந்தது. 1913-இல் துறைமுகக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த கணித மேதை ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தார்கள். அவர் எஃப்.ஏ. என்ற, பட்டப்படிப்புக்கு முந்தைய கல்லூரித் தேர்விலேயே தேறாதவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனைபோல் இருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறுவதற்குள் மூன்று அறிக்கைகளைக் கொடுத்துவிட்டார். விதியைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு ‘முடியாது’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என்னைக் கேட்டால், பல்கலைக்கழகம் உண்மையில் பல்கலைக்கழகம் ஆனது அன்றைக்குத்தான்.

பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லாமல் விட மனம் வரவில்லை. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் இயற்பியல் துறைக்கு சர் சி.வி. ராமனை அழைத்தார். அவர் தம் மாணவரைக் கைகாட்டினார். அப்படி 1952-இல் வந்தபோது ஜி.என். ராமச்சந்திரனுக்கு முப்பது வயது. நம் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் இருக்கிற கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பைத் தேடினார். எதிரிலேயே இருக்கும் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வால் தசைநார் கிடைத்தது. மூன்று இழை முறுக்கிய கயிறுபோல அது இருக்கிறது என்று 1954-இல் உலகத்துக்குச் சொன்னது கிண்டிதான்.

என் மனம் இருப்பது பல்கலைக்கழகம் தொகுத்த தமிழ்ப் பேரகராதியில். ஆங்கிலத்தில் லெக்சிகன் என்று கடலோர வளாகத்தில் எல்லோரும் சொல்வார்கள். 1913-இல் சாண்ட்லர் என்ற அமெரிக்கப் பாதிரியாரின் பொறுப்பில் வேலை தொடங்கியது. ஒரு லட்சம் ரூபாயில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள், செலவு நான்கு லட்சத்தைத் தாண்டியது. முதல் தொகுதி வெளிவரவே 1924 ஆகிவிட்டது. 1926-இல் வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக வந்து, 1936-இல் ஆறு தொகுதிகளையும் முடித்துக் கொடுத்தார். 1,04,405 சொற்கள். தொடங்கியவர் முடிவைப் பார்க்கவில்லை.

வளாகத்து நூலகத்தில் முதன்முதலாக அந்த அகராதியைப் புரட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்தேன். தலைச்சொல், பக்கத்தில் ரோமன் எழுத்தில் ஒலிப்பு, பிறகு தெலுங்கு, கன்னடம், மலையாளத்தில் அதன் இனச்சொற்கள், ஆங்கிலத்திலும் தமிழிலும் பொருள், சங்கப் பாட்டிலிருந்தோ கல்வெட்டிலிருந்தோ ஒரு மேற்கோள். அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, நடுநடுவே வந்த சின்னச் சின்னக் குறுக்கங்கள். வட்டார வழக்குக்கு ஒன்று, நாஞ்சில் நாட்டுக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று. புறநானூற்றுச் சொல்லும் என் பாட்டி அடுப்படியில் சொன்ன சொல்லும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில் அச்சாகியிருந்தன. அன்றைக்கு மாலை வரை இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

வளாகத்தின் மரபுகள் என்றால் கருப்பு அங்கியும் பட்டமளிப்பு விழாவும் நினைவுக்கு வரும். எனக்கு அதைவிடப் பெரிய மரபு வைவா, அதாவது பொது வாய்மொழித் தேர்வு. பிஎச்.டி. ஆய்வேட்டைக் கொடுத்த மாணவர் எல்லோர் முன்னிலையிலும் நின்று பதில் சொல்ல வேண்டும். அறிவிப்புப் பலகையில் நாளும் நேரமும் ஒட்டிவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். காலையிலேயே இனிப்பும் காரமும் தட்டுகளில் அடுக்கித் தயாராக இருக்கும். அதைப் பிரிக்கும் நேரம் வரும்வரை மாணவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, நாகப்பட்டினம் பக்கத்துப் பெண் ஒருவருக்கு அப்படி ஒரு வைவா நடந்தது. மீனவர் பேச்சில் காற்றின் பெயர்கள் என்பது ஆய்வுப் பொருள். வாடை, கொண்டல், கச்சான் என்று பேரகராதியைக் காட்டி அழகாக விளக்கினார். புறத்தேர்வாளர் கேட்டது எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. வழக்கப்படி, “அவையோர் யாராவது கேட்கிறீர்களா?” என்று கேட்டோம். வழக்கப்படி யாரும் கேட்கமாட்டார்கள். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக ஒருவர் எழுந்தார். அந்தப் பெண்ணின் அப்பா.

“கச்சான்னா மேல்காத்துன்னு சொன்னியே தாயி, எந்த மாசத்துக் கச்சானைச் சொல்ற?”

அறை அமைதியாகிவிட்டது. புறத்தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “ஐயா, முன்னால வாங்க, இங்க வந்து உட்காருங்க” என்றார். ஏறக்குறைய அரைமணி நேரம் அவர் பேசினார். மாதம் மாறினால் காற்றின் குணம் எப்படி மாறும், எந்தக் காற்றில் வலை போடலாம், எதில் கரையிலேயே இருக்க வேண்டும் என்று. அந்தப் பெண் மேடையை விட்டு இறங்கி, முதல் வரிசையில் உட்கார்ந்து, தன் ஆய்வேட்டின் பின்பக்கத்து வெற்றுத் தாளில் எழுதிக்கொண்டே இருந்தார்.

நேயர்களே, வணக்கம்.