கொடுக்கிறவருக்கும் ஒரு டொக்டர் வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் வீட்டு மொட்டை மாடியில் இருந்துதான் கதைக்கிறேன், கீழே ரயில் போகிற சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை பற்றிக் கதைப்போம். ஸ்டெம் செல் என்றால் எலும்புக்குள் இருக்கிற மச்சையில் ரத்தத்தை உண்டாக்குகிற மூலக் கலம், ஒரு ஆரோக்கியமான ஆளிடம் இருந்து அதை எடுத்து நோயாளிக்குக் கொடுப்பதுதான் இந்தச் சிகிச்சை. நோயாளியைப் பற்றிச் சொல்லப் பல பேர் இருக்கிறார்கள், நான் கொடுக்கிறவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அண்ணாவுக்கு லுக்கேமியா, தங்கச்சி ஸ்டெம் செல் கொடுக்கிறாள் என்றால், அந்தத் தங்கச்சியைப் பற்றி.

இதை ஏன் எடுத்தேன் என்றால், எங்கள் ஒழுங்கையில் ஒரு குடும்பம். மூத்த மகனுக்கு இரத்தப் புற்றுநோய், சகோதரங்கள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் கடைசித் தங்கச்சியின் திசு வகைதான் அண்ணாவோடு பொருந்தியது. ரிசல்ட் வந்த அன்று அந்த அறையில் அம்மா, அப்பா, மாமா, அண்ணாவைப் பார்க்கிற டொக்டர், எல்லாரும் இருந்திருக்கிறார்கள். டொக்டர் நல்ல மனுஷர், அன்பாகத்தான் கேட்டாராம், "உங்களுக்குச் சம்மதம்தானே தங்கச்சி?" அம்மா பக்கத்தில் அழுதுகொண்டு இருக்கிறா. அந்த இடத்தில் எந்தப் பிள்ளை யோசிக்க நேரம் கேட்கும்? அவள் மனதாரத்தான் கொடுத்தாள், அதில் சந்தேகமே இல்லை, இன்றைக்குக் கேட்டாலும் கொடுப்பேன் என்றுதான் சொல்வாள். ஆனால் அவளுக்குக் கேட்க நிறையக் கேள்வி இருந்தது, ஒன்றையும் கேட்கவில்லை. கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை பெற ஏதும் பிரச்சினை வருமா என்ற பயத்தைக்கூட எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். அப்படி ஒரு பிரச்சினையும் வராது என்று ஒரு டொக்டர் அவளைத் தனியாக இருத்திச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை.

சரி, முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் முள்ளந்தண்டில் ஊசி போட்டு உறிஞ்சுவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். முள்ளந்தண்டைத் தொடுவதே இல்லை. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மயக்க மருந்து கொடுத்து, குப்புறப் படுக்க வைத்து, இடுப்பு எலும்பின் பின்பக்கத்தில் இருந்து ஊசியால் எலும்பு மச்சையை எடுப்பது. ஒரு லீற்றர் அளவுக்கும் எடுப்பார்கள், சில வாரத்தில் உடம்பு அதைத் திரும்ப உண்டாக்கிவிடும், இடுப்பில் நோவு சில நாள் இருக்கும். மற்றது, இப்போது கூடுதலாகச் செய்வது, ரத்தத்தில் இருந்தே பிரித்து எடுப்பது. அதற்கு நான்கைந்து நாள் ஜி-சி-எஸ்-எஃப் என்ற ஊசியைத் தோலுக்கடியில் போடுவார்கள், அது மச்சையில் இருக்கிற ஸ்டெம் செல்களை ரத்தத்துக்குள் தள்ளிவிடும். அப்புறம் ஒரு கையில் இருந்து ரத்தம் மெஷினுக்குப் போய், வேண்டியதை அது பிரித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை மற்றக் கை வழியாகத் திருப்பி அனுப்பும்.

கேட்க லேசாகத்தான் இருக்கிறது. அந்தத் தங்கச்சி சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஊசி போட்ட மூன்றாம் நாள் இடுப்பு, தொடை, நெஞ்செலும்பு எல்லாம் உள்ளுக்குள் இருந்து உளைந்ததாம், காய்ச்சல் வந்தால் உடம்பு உளையுமே, அதைவிடப் பல மடங்கு. மெஷினோடு நாலு, ஐந்து மணித்தியாலம், இரண்டு கையையும் மடக்க முடியாது, மூக்கு அரித்தால் நேர்ஸ் அக்காதான் சொறிந்து விட வேண்டும். இடையில் உதடும் விரல் நுனியும் விறுவிறுத்தது. அது ஏன் என்றால், மெஷினுக்குள் ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற சிட்ரேட் உடம்பில் இருக்கிற கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கல்சியம் கொடுத்தால் சரியாகிவிடும். அவளுக்கு இதை முன்கூட்டி ஒருவரும் சொல்லவில்லை, பக்கவாதம் வருகிறதாக்கும் என்று பயந்து, அண்ணாவுக்குக் குறைந்து போகுமே என்று வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறாள்.

எனக்கு மனதைப் பிடித்து உலுக்கியது அந்த வாயைத் திறக்காமல் கிடந்ததுதான். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

பயப்படுத்த இதைச் சொல்லவில்லை, அதனால் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நிலையங்களின் தரவை வைத்து 2009இல் ஒரு ஆய்வு வந்தது. 51,024 மாற்றுச் சிகிச்சைகள், அதில் கொடுத்தவர்கள் இறந்தது 5 பேர். ஊசி போட்டுக் கொடுத்தவர்களுக்குப் பிறகு இரத்தப் புற்றுநோய் வருமா என்ற பயமும் உண்டு, சாதாரண ஆட்களில் எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாக வரவில்லை என்றுதான் அதில் கண்டார்கள். ஆக, இது பாதுகாப்பான காரியம். ஆனால் அந்த 5 பேரும் ஆரோக்கியமாக ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தவர்கள். தனக்கு எந்த மருத்துவ நன்மையும் இல்லாமல் இன்னொருவருக்காகப் படுக்கிற ஆளை, நோயாளியைவிட ஒரு படி கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொடுக்கிறவர்களில் இரண்டு வகை. ஒன்று, ஸ்டெம் செல் கொடுக்க விரும்புகிறவர்களின் பதிவேட்டில் பெயர் கொடுத்து, முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுப்பவர்கள். 1974இல் லண்டனில் ஷேர்லி நோலன் என்ற தாய் தன் மகன் அன்ரனிக்காகத் தொடங்கியதுதான் இப்படியான முதல் பதிவேடு, இப்போது உலகம் முழுக்க 4 கோடிக்கு மேல் ஆட்கள் பதிந்திருக்கிறார்கள், சென்னையில் தாத்ரி என்று ஒன்று 2009இல் இருந்து நடக்கிறது. இந்த வகை ஆளுக்கு ஒரு வேலியே இருக்கிறது. சோதிக்கிற டொக்டர் வேறு, நோயாளியின் டொக்டர் வேறு, விருப்பமில்லை என்றால் ஒருவரும் வற்புறுத்த முடியாது, கொடுத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள்.

மற்ற வகை, வீட்டு ஆள். இவருக்கு அந்த வேலி தானாக வருவதில்லை. அமெரிக்காவில் 2010இல் மாற்றுச் சிகிச்சை நிலையங்களைக் கேட்டுப் பார்த்தார்கள், 70 வீதத்துக்கு மேலான இடங்களில் நோயாளியையும் கொடுக்கிற உறவினரையும் ஒரே குழுவினர் கலந்துதான் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலேயே அப்படி! 2019இல் இன்னொரு ஆய்வு வந்தது. ரத்தத்தில் இருந்து ஸ்டெம் செல் கொடுத்தவர்களில், உறவினருக்குக் கொடுத்தவர்கள் முகம் தெரியாதவருக்குக் கொடுத்தவர்களைவிடக் கூடுதல் நோவு அனுபவித்திருக்கிறார்கள், ஒரு வருஷம் கழித்தும் முழுதாகத் தேறாதவர்கள் அவர்களில்தான் கூட. வயதும் வேறு வருத்தங்களும் ஒரு காரணம், ஏனென்றால் பதிவேட்டில் இளம் ஆட்களைத்தான் தேடுவார்கள், வீட்டில் அப்படித் தேர்ந்தெடுக்க முடியாது.

இது நாளுக்கு நாள் கூடத்தான் போகிறது. முன்னர் கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்த வேண்டும், ஒரு சகோதரம் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். இப்போது பாதி பொருந்தினாலே செய்கிற முறை வந்துவிட்டது, அதனால் அம்மா, அப்பா, பிள்ளை என்று வீட்டில் யாரும் கொடுக்கலாம். எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிற முறை, அதில் மறுபேச்சில்லை. ஆனால் 58 வயது அப்பாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கும், அதைச் சொன்னால் மகனுக்குக் கொடுக்க விடமாட்டார்கள் என்று மறைக்கிற அப்பாமார் எங்கள் ஆட்களில் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். நோயாளியின் டொக்டரிடம் மறைப்பார். "உங்கள் உடம்பைப் பார்க்கத்தான் நான் இருக்கிறேன்" என்று சொல்கிற இன்னொரு டொக்டரிடம் சொல்லக்கூடும்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது, வீடு பல நாட்டில் கிடக்கிறது. நோயாளி கொழும்பில், பொருந்துகிற அண்ணா கனடாவில், சிகிச்சை வேலூரில் அல்லது சென்னையில். அவர் லீவு போட்டு, விசா எடுத்து வந்து, கொடுத்து, ஒரு கிழமையில் திரும்பிவிடுவார். அங்கே போய் நோவு நிற்கவில்லை என்றால் யாரிடம் கேட்பது? அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் அது ஞாபகத்திலேயே இராது, எல்லாரும் நோயாளியின் ரத்தக் கவுண்ட் கூடியதா என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

இன்னொன்று, இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மாற்றுச் சிகிச்சைக்கு முன்னர் நோயாளியின் பழைய மச்சையை மருந்தால் அழிப்பார்கள். அது தொடங்கிய பிறகு கொடுக்கிறவர் பின்வாங்கினால் நோயாளி பிழைப்பது மிகவும் கடினம். ஆகவே வேண்டாம் என்று சொல்கிற உரிமையெல்லாம் அதற்கு முன்னர்தான். அந்த நேரத்தில் ஒருவர் உண்மையாகவே விரும்பவில்லை என்றால், அவருடைய டொக்டர் குடும்பத்திடம் "இவர் கொடுக்க உகந்தவர் இல்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டும், காரணம் அவர்கள் இருவருக்கும் இடையில் இருக்கட்டும். பொய் சொல்லச் சொல்கிறாயா என்று சிலர் கேட்பீர்கள். மனமில்லாத ஆள் உகந்தவர் இல்லைதான், அதில் பொய் எங்கே இருக்கிறது? சிறு பிள்ளை கொடுப்பதென்றால் இன்னும் கவனம் வேண்டும். அம்மா அப்பாதான் இரண்டு பிள்ளைக்கும் அம்மா அப்பா, கொடுக்கிற பிள்ளைக்காக மட்டும் கதைக்க ஒருவர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2010இலேயே சொல்லிவிட்டது.

எங்களால் முடியாத காரியம் இல்லை இது. நாரஹேன்பிட்ட இரத்த வங்கிக்குப் போய்ப் பாருங்கள், ஒரு பை ரத்தம் கொடுக்கவே நிறை பார்த்து, பிரஷர் பார்த்து, படிவத்தில் கேள்வி கேட்டு, டொக்டர் தனியாகக் கதைத்து, முடிந்த பிறகு இருத்திக் குடிக்கக் கொடுத்துத்தான் விடுவார்கள். 2014இல் இருந்து இந்த நாட்டில் இரத்ததானம் 100 வீதம் காசு வாங்காத கொடை. அந்த மரியாதை வீட்டுக்குள் கொடுக்கிறவருக்கும் கிடைக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது கொடுக்கப் போகிறார்கள் என்றால், டிக்கெட் போட முன்னரே ஆஸ்பத்திரியில் கேளுங்கள், கொடுக்கிறவரைத் தனியாகப் பார்க்க யார் டொக்டர் என்று. அவரை ஆட்கள் இல்லாமல் தனியாக உள்ளே விடுங்கள், அம்மாமார், தயவுசெய்து வெளியே இருங்கள். ஊசி போடுகிற நாட்களில் நோவுக்கு என்ன குளிசை எடுக்கலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊசியால் மண்ணீரல் வீங்கும், மிக அரிதாக வெடிக்கவும் கூடும், அதனால் பாரம் தூக்குவது, ரக்பி மாதிரி மோதுகிற விளையாட்டு எதுவும் வேண்டாம், இடது பக்கம் மேல் வயிற்றிலோ தோளிலோ கடுமையாக நொந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொடுத்த பிறகு யாருக்கு ஃபோன் எடுப்பது என்ற நம்பரையும், திரும்ப ரத்தம் சோதிக்கிற திகதியையும் கையில் வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம், வெளிநாட்டுக்குத் திரும்பிப் போகிறவர் என்றால் அங்கே காட்டுவதற்கு ஒரு கடிதமும் சேர்த்து வாங்குங்கள்.