21 அடி தூரம்

உதகை வானொலி நேயர்களுக்கு வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து வருகிறேன். வெலிங்டன் ராணுவ மையத்தில் புதுப் பையன்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்து ஓய்வு பெற்றவன். அப்புறம் பள்ளிக்கூடங்களுக்குப் போய்த் தற்காப்பு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எங்கே போனாலும், டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரே கேள்வி: "அண்ணே, ஆபத்துன்னா கையில கத்தி இருக்கிறது நல்லதா, துப்பாக்கி நல்லதா?"

டீக்கடையில் பதில் சொன்னால் பாதியில் பஸ் வந்துவிடும். அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

கேட்கிற தம்பிகள் மனதில் இருப்பது இடுப்பில் செருகும் கைத்துப்பாக்கி. நம் நாட்டில் உரிமம் வாங்கிய சாதாரண ஆளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது பாயின்ட் 32 ரிவால்வர் அல்லது பிஸ்டல். 9 எம்.எம். எல்லாம் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். துப்பாக்கிக்கும் நம் மலைக்கும் உறவு இல்லை என்று சொல்ல முடியாது. தோட்டாவை உந்தித் தள்ளும் மருந்தை அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் நூறு வருஷத்துக்கு மேலாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். அந்தச் சங்குச் சத்தத்தில் கடிகாரத்தைத் திருத்தி வைத்த வீடுகள் எத்தனையோ.

கத்தியோ நமக்கு ஆயுதமே கிடையாது, வேலைச் சாமான். இந்த மலைப் பழங்குடிகளான கோத்தர்கள் பட்டறையில் அடித்துக் கொடுத்த கத்தியும் அரிவாளும்தான் ஒரு காலத்தில் இந்த மலை முழுக்கப் புழங்கின. என் அப்பா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டியவர். காய்ச்சல் வந்து கை லேசாக நடுங்கினால் போதும், அன்றைக்குக் கவாத்துக் கத்தியைத் தொடமாட்டார். ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்பார். செடியை வெட்டும்போதே இவ்வளவு கவனம். பயத்தில் உடம்பெல்லாம் நடுங்கும்போது கத்தியை எடுக்கிறேன் என்கிறவரை என்ன சொல்ல?

சரி, கரிக்கட்டை கதைக்கு வருகிறேன். என் வகுப்பில் படித்த பிள்ளைகள் இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர் ஒருவர் சொன்னார்: "துப்பாக்கி இருந்தால் கத்திக்காரன் கிட்டவே வரமுடியாது சார்." சரி சார், பார்த்துவிடலாம் என்றேன். அவர் இடுப்பில் ஒரு பொம்மைத் துப்பாக்கி. மைதானத்தில் 21 அடி அளந்து கோடு போட்டேன். ஒரு மினி பஸ் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டில் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணொருத்தி நின்றாள், கையில் அடுப்புக்கரித் துண்டு. அதுதான் கத்தி. அவள் நினைத்தபோது ஓடி வரலாம். அவள் அசைந்ததும் இவர் எடுத்து, நெஞ்சுக்கு நேராக நீட்டி, 'டமால்' என்று சொல்ல வேண்டும்.

முதல் தடவை 'ட' என்கிறபோதே வெள்ளைச் சட்டையில் கரி. தயாராக இல்லை, இன்னொரு தடவை என்றார். இரண்டாவது கோடு தோளில். மூன்றாவது தடவை துப்பாக்கி சட்டை நுனியில் மாட்டிக்கொண்டது. பிள்ளைகள் விசில் அடித்த சத்தத்தில் தலைமையாசிரியர் வெளியே வந்துவிட்டார். பெருந்தன்மையான மனுஷர், அந்தச் சட்டையைத் துவைக்காமல் அடுத்த வகுப்புக்கும் எடுத்து வந்து காட்டினார்.

இந்த 21 அடி என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டியூலர் 1983-இல் எழுதியது. ஓடிவருகிற ஆளுக்கு அந்தத் தூரத்தைக் கடக்கச் சுமார் ஒன்றரை வினாடி. பழகிய போலீஸ்காரர் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அதே ஒன்றரை வினாடி. பழகியவருக்கே அப்படி. நாமோ மார்கழிக் குளிரில் ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு, கையில் உறை, விரலெல்லாம் மரத்துப்போய் நிற்கிறோம். துப்பாக்கியைத் தேடி எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

அப்படியானால் கத்திதான் மேல் என்று முடிவுகட்டாதீர்கள். கரிக்கட்டையோடு ஓடிவந்த பெண் தாக்குகிறவள். நேரம் அவள் கையில். நாம் தற்காத்துக்கொள்கிறவர்கள். நம் கத்தி எதிராளியைத் தொடவேண்டுமானால் எதிராளியின் கையும் நம்மைத் தொடும். பழக்கமில்லாதவர் கத்தியை நீட்டினால் அதை அவரிடமிருந்து பிடுங்குவது பெரிய வித்தையே இல்லை. காயம் பட்டவன் உடனே விழுவான் என்பதும் திரைப்படத்தில்தான். குண்டு பட்டவனுக்கும் இதே கதைதான். ஆக, தூரம். நான் திரும்பத் திரும்பச் சொல்வது தூரம் ஒன்றைத்தான். தூரம் இருந்தால் ஓடலாம், கத்தலாம், கதவைச் சாத்தலாம். தூரம் இல்லையென்றால் கத்தி, துப்பாக்கி இரண்டுமே அனேகமாகப் பிரயோஜனப்படாது.

துப்பாக்கியில் இன்னொரு சங்கடம், குண்டு நாம் நினைத்த இடத்தோடு நிற்பதில்லை. தகரத்தையும் மெல்லிய பலகையையும் துளைத்துக்கொண்டு பக்கத்து லயன் வீட்டுக்குப் போய்விடும். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் உரிமம் பெற்ற ரிவால்வர் இருந்தது. ஒரு மழை ராத்திரி, கரண்ட் இல்லை, சமையலறைப் பக்கம் தடபுடவென்று சத்தம். எண்ணெய் வாசனைக்குக் கரடி வருகிற ஊர் எங்களுடையது, உங்களுக்கே தெரியும். பீரோவைத் திறந்து ரிவால்வரை எடுத்து, பின்கதவில் தெரிந்த கறுப்பு உருவத்தை நோக்கி நீட்டிவிட்டார். உருவம் தும்மியது. கடைசி பஸ்ஸைப் பிடித்து, சொல்லாமல் வந்த மருமகன், தலையில் கறுப்புக் கம்பளி! அந்தத் தும்மல் வராமல் இருந்திருந்தால்? ஒரு டார்ச் லைட் இருந்திருந்தால் பீரோ சாவியே தேவைப்பட்டிருக்காது. பெரியவர் மறுவாரமே நாலு பேட்டரி டார்ச் வாங்கினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் அம்மா மூன்று விரல் காட்டுகிறார், மூன்று நிமிஷம்தான் பாக்கி. சட்டம் பற்றித்தான் நிறையக் குறித்து வந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். கைத்துப்பாக்கிக்கு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். மனு கொடுத்தால் போலீஸ் விசாரணை, 2016 விதிகள்படி பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் உண்டு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். கத்தியில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்ததற்கு விலக்கு உண்டு. ஆனால் கவாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நின்றால் கவாத்து வெட்டப் போகிறேன் என்று யார் நம்புவார்கள்? தற்காப்பு உரிமை முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்பது இரண்டிலும் உண்டு. போலீசைக் கூப்பிட நேரம் இருந்தும் கூப்பிடாமல் அடித்தால் அந்த உரிமை கைகொடுக்காது. எண் 112.

இரண்டு விரல். தோட்டத்திலிருந்து இருட்டில் திரும்புகிற அம்மாக்களுக்காகத் தனியாக ஒரு பக்கம் எழுதி வந்தேன், அதைப் படிக்க நேரமில்லை. ஒரு டார்ச், ஒரு விசில், கூட ஒரு ஆள். மிளகு ஸ்பிரே வாங்குகிறவர்கள் வாங்கலாம், உரிமம் வேண்டாம். ஆனால் எங்கள் கோடநாடு பக்கத்துக் காற்றில் அடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்துக்கொண்டு... விளக்கு எரிகிறது, வணக்கம்.