வரப்பில் நண்டு வளை

தலைமையாசிரியை அம்மா அவர்களே, அறுவடை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் ஐயா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்த வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இணைவு உலையைப் பற்றி இரண்டு செய்தி சொல்ல வந்தேன். காந்தச் சுருள்களின் இடைவெளியால் காந்தப்புலத்தில் வரும் நெளிவு, பிளாஸ்மா என்னும் மின்னூட்டம் கொண்ட கடும் சூட்டு வாயுவுக்குள்ளேயே எழும் ஆல்ஃபென் அலைகள் என்ற காந்த அலைகள்.

வரப்புயர நீர் உயரும். இணைவு உலையில் நீர் பிளாஸ்மா, வரப்பு காந்தப்புலம். ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது பிறக்கும் நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, அது வெளியே ஓடிவிடும். கூடவே 35 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு பிறக்கும் ஆல்ஃபா துகள்தான் உள்ளே நின்று சூட்டைக் காக்க வேண்டும். அது முன்கூட்டியே தப்பினால் அடுப்பும் அணையும், மோதிய சுவரும் புண்ணாகும்.

எங்கள் தாத்தா குறுவை நாற்றங்காலுக்கு ராத்திரி முறைத்தண்ணீர் பாய்ச்சுவார். அரிக்கேன் விளக்கைப் பிடிக்க என்னைக் கூட்டிப்போவார். ஒருநாள் வரப்பெல்லாம் மண் அணைத்து, முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டு, திண்ணையில் வந்து படுத்தோம். விடிந்து போனால் வயல் காய்ந்து கிடக்கிறது! பக்கத்து வயல்காரர் திருப்பிவிட்டார் என்று பாட்டி சண்டைக்கே கிளம்பிவிட்டார். தாத்தா ஒன்றும் பேசவில்லை. குனிந்து வரப்போரமாகவே நடந்தார். கிழக்கு மூலையில், என் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு நண்டு வளை. இரவு முழுக்க அதன் வழியாகவே வடிந்திருக்கிறது. வரப்புயர நீர் உயரும், வளை இல்லாதிருந்தால்.

உலையிலும் அப்படித்தான். சுருளுக்கு நேரே புலம் வலுவாக இருக்கும், இரு சுருளுக்கு நடுவே சற்று மெலியும். அந்த மெலிவில் சிக்கிய வேக அயனி, அதாவது ஆல்ஃபா போல மின்னூட்டம் கொண்ட வேகத் துகள், மேலோ கீழோ நழுவிச் சுவரில் ஒரே இடத்தில் இறங்கும். இங்கிலாந்தில் 2023 வரை இயங்கிய ஜெட் என்ற இணைவு ஆய்வுக் கருவியில் 32 சுருள்கள். நெளிவு 0.08 சதவீதம்தான். அதை வேண்டுமென்றே சுமார் 1 சதவீதம் வரை ஏற்றிப் பார்த்தார்கள். அதற்கே பிளாஸ்மாவின் சுழற்சி மாறியது, பிளாஸ்மாவை அடைத்து வைக்கும் திறனும் குறைந்தது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இருந்த டி.எஃப்.டி.ஆர். கருவியில் ஆல்ஃபென் அலைகள் வேக அயனிகளை இந்த நெளிவுக்குள் தள்ளிவிட, வெற்றிடக் கலனே துளைபட்டது.

பிரான்சில் எழும் ஐட்டர் என்ற இணைவு உலையில் 18 சுருள்கள். நெளிவைக் குறைக்க, கலனின் இரட்டைச் சுவருக்கு நடுவே காந்தத்துக்கு இசையும் எஃகுத் துண்டுகளைச் செருகியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்கு நடுவே அடுக்கும் காப்புக் கட்டிகளைச் செய்து கொடுத்தது நம் இந்தியா. வளையில் மண் அடைப்பதும் புலத்தில் இரும்பு அடைப்பதும் ஒரே வேலை, பிள்ளைகளே!

இதைப் புரிந்துகொள்ள இரண்டு சட்டக்காந்தமும் ஒரு பிடி இரும்புத்தூளும் போதும். ஆனால் நான் படித்த பள்ளியில் ஆய்வகம் பூட்டியே கிடந்தது. பொதுத்தேர்வுக்கு முதல்நாள்தான் காந்தத்தைக் கண்ணால் பார்த்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. வரப்புயர நீர் உயரும் என்று ஊர் ஊராகச் சொல்லி வருவது இதற்காகத்தான்.

தலைமையாசிரியை அம்மா, மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில், வாரம் ஒரு மாலை ஆய்வகம் திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். அந்த மாலை நானே வந்து கூட நிற்கிறேன். ஒரு கிலோ இரும்புத்தூள் கொண்டுவந்திருக்கிறேன், மேடைக்கு இடப்பக்கம் அந்த மஞ்சள் பையில் இருக்கிறது.