பயோசார்: மண்ணுக்குள் போகும் கரி

[காட்சி: அமேசான் காட்டில் வெட்டிய குழி. மேலே கன்னங்கரேலென்ற மண், அடியில் மஞ்சள் மண்.]

குரல்: மேல்மண்ணைப் பாருங்கள், நம்மூர்க் கரிசல்காடு மாதிரி இருக்கிறதா? இது பிரேசில். அமேசானின் இயல்பான மண் மஞ்சளும் சிவப்புமாக, புளிப்பேறி, சத்தெல்லாம் மழையில் கரைந்துபோன மண். அதன் நடுவே திட்டுத்திட்டாக இந்தக் கருமண், சில இடங்களில் இரண்டு மீட்டர் ஆழம் வரை. போர்த்துகீசிய மொழியில் 'தெர்ரா ப்ரேத்தா' என்கிறார்கள். கருப்பு மண், அவ்வளவுதான். தோண்டினால் பானை ஓடு, மீன் முள், கரித்துண்டு. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களின் கைவண்ணம். பல திட்டுகளுக்கு வயது ஆயிரத்துக்கு மேல். கரி இன்னும் மக்கவில்லை.

[காட்சி: இலை, எரியும் சுள்ளி, மூடிய உலை.]

குரல்: செடி காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் வளர்கிறது. மக்கினாலும் எரிந்தாலும் அந்தக் கார்பன் திரும்பக் காற்றுக்கே போகும். காற்று புகாமல் அடைத்து 350 முதல் 700 டிகிரி வரை சூடேற்றினால், ஏறக்குறைய பாதி கார்பன் கரியாக நின்றுவிடும். மண்ணில் போடுவதற்காக இப்படிச் சுட்ட கரிதான் பயோசார். கரிக்குள் கார்பன் அணுக்கள் வளையம் வளையமாகப் பின்னிக்கிடப்பதால் நுண்ணுயிர்களுக்கு அது லேசில் செரிக்காது. ஒரு கிலோ கார்பன் மண்ணில் தங்கினால், 3.67 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றுக்குப் போகவில்லை என்று கணக்கு.

[காட்சி: கரித்துண்டின் துளைகள், மிக அருகில்.]

குரல்: சரி, கரியை இடித்து நேராக வயலில் கொட்டலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். கரியில் சத்து குறைவு, துளைதான் அதிகம். வெறும் கரியைப் போட்டால் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். பயிர் கொஞ்ச நாள் வெளிறி நிற்கலாம். அதனால் தொழுவுரத்தோடு கலந்து, கோமியம் தெளித்து, சில வாரம் ஈரத்தில் ஊறப்போடுங்கள். அமேசானிலும் கரி தனியாகவா கிடந்தது? மீன் முள்ளும் சமையல் கழிவும் கூடவே புதைந்திருந்தன.

[காட்சி: இராமநாதபுரம் பக்கம், புகையும் கரிமூட்டம்.]

குரல்: சீமைக் கருவேலத்தை இப்படித்தான் மூட்டம் போட்டுச் சுடுகிறார்கள். அடியில் மிஞ்சும் தூள் வயலுக்கு ஆகும். ஆனால் இவ்வளவு புகை விட்டால், புகையோடு பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் போகும். மண்ணில் சேமித்ததில் ஒரு பங்கு காற்றில் கழிந்துவிடும். புகையையும் எரித்துவிடும் உலைதான் நல்லது.

அப்புறம், மண் பரிசோதனை செய்யாமல் இறங்காதீர்கள். பயோசார் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. புளிப்பு மண்ணுக்கு மருந்து. உங்கள் மண்ணின் பிஎச், அதாவது புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண், ஏற்கெனவே 8-க்கு மேல் என்றால், கரியை விட்டுவிட்டுத் தொழுவுரத்தை மட்டும் போடுங்கள்.