எட்டயபுரத்துக்கு வந்த வயலின்

(பாளையங்கோட்டையில் நடந்த ஓர் இசை மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, இசை படிக்கும் பிள்ளைகளே,

நம் இசையையும் மேற்கத்திய இசையையும் கலப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். கலப்பு என்றதும் லண்டன், வியன்னா என்று எல்லோருடைய மனமும் கப்பல் ஏறிவிடுகிறது. நான் உங்களை அவ்வளவு தூரம் அழைத்துப் போகப் போவதில்லை. காலையில் இங்கிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம். எட்டயபுரம். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமை.

முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளியன்று உயிர் நீத்தது அந்த ஊரில்தான். திருவாரூரில் பிறந்தவர், இளமையில் சென்னையை அடுத்த மணலியில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியம் அந்த நாட்களில் அவர் காதில் விழுந்தது. அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்கிறோமே, அவை ஏறக்குறைய நாற்பது உருப்படிகள். ‘சந்ததம் பாஹிமாம்’ பாடிப் பாருங்கள், இங்கிலாந்து அரசருக்கு வாழ்த்துப் பாடும் மெட்டு அப்படியே வரும். கமகம் என்கிறோமே, சுரத்தை அசைத்து வளைப்பது, அது ஒன்றுகூடக் கிடையாது. தோடி ராகத்தைப் பிழிந்து தரக்கூடிய மனிதர் ஏன் அசைவே இல்லாமல் விட்டார்? வந்த விருந்தாளிக்கு வேட்டி கட்டிவிடாமல், அவனுடைய கால்சட்டையோடேயே பந்தியில் உட்காரவைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் நேர் எதிர்வழியில் போனார். சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். மெட்டு வேண்டாம், கருவி போதும் என்று அதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். எட்டயபுரம் சமஸ்தான வித்துவானாக இருந்தார். வயலினில் கட்டை கிடையாது, விரல் எங்கே வேண்டுமானாலும் வழுக்கும். நம் கமகத்துக்கென்றே யாரோ இழைத்து அனுப்பியதுபோல் இருந்தது. வாசிப்பவரும் நாற்காலியை விட்டுத் தரையில் சம்மணம் போட்டார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி உண்டா? ஒன்றைக் கவனியுங்கள். வயலின் உள்ளே வரும்போது, பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் ஹார்மனியை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தது.

நான் சொல்ல வந்தது இதைச் சுற்றித்தான். கலப்பில் யாராவது ஒருவர் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். யார், எதை என்று முதலிலேயே தீர்மானித்தவர்களின் வேலைதான் நின்றிருக்கிறது.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பூராவின் மந்தரத் தந்தியை மீட்டிவிட்டுக் காது கொடுத்தால் அந்தர காந்தாரம், அதாவது பெரிய ‘க’, தானாக எழும்பும். கீழ் ‘ஸ’விலிருந்து மேல் ‘ஸ’ வரையுள்ள ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காந்தாரம் ‘ஸ’ என்ற சட்ஜத்திலிருந்து 386இல் நிற்கிறது. பியானோவில் 400. பன்னிரண்டு கட்டைகளுக்கும் சமமாகப் பங்கு போட்டதால் வந்த வித்தியாசம். ஆனால் பெரிய இடைஞ்சல் இதுவல்ல. தோடியில் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கவே நிற்காது. பக்கத்துச் சுரங்களான ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடும். அந்த ஊஞ்சல்தான் தோடி. அதற்கு அடியில் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரு கார்ட் பிடித்தால் என்ன ஆகும்? ஆடுகிற ஊஞ்சலுக்குக் கீழே ஸ்டூல் போட்ட மாதிரி, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கால் இடிக்கும். நாதஸ்வர வித்துவான் காருகுறிச்சி அருணாசலம் நடமாடிய மண் இது. நாதஸ்வரத்தில் உதடும் மூச்சும் வாயில் வைக்கும் சீவாளியில் செய்கிற வேலையைப் பியானோக் கட்டையில் பிடித்துவிட முடியுமா?

அடிபட்டுத்தான் இதைக் கற்றேன். வாலிபத்தில் ஒரு கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு, ஆனந்தபைரவிக் கீர்த்தனை ஒன்றுக்கு நான்கு குரல் அமைத்தேன். சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நம் திருச்சபைகளில் பாமாலைகளுக்குப் பழகிய ஏற்பாடுதானே என்ற தைரியம். ஒத்திகையில் கண்ணாடி மாதிரி இருந்தது. ஆராதனையன்று முன்வரிசையில் இருந்த பாட்டிமார் தங்கள் வழக்கப்படி கூடவே பாடினார்கள், எல்லா வளைவு நெளிவோடும். பாடகர் குழு ஒரு பக்கம், சபை ஒரு பக்கம். வெளியே வரும்போது ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, “நீ போட்டது நன்றாகத்தான் இருந்தது, ஐயா. நாங்கள் பாடத்தான் இடம் விடவில்லை” என்றார். அந்தக் காகிதங்களை அதன்பிறகு நான் வெளியே எடுக்கவில்லை.

பெரிய ஆட்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. ரவிசங்கர் 1971இல் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு சிதார் கன்செர்ட்டோ செய்தார். என் காதுக்கு அதில் இருவரும் மாறி மாறிப் பேசுகிறார்கள். சேர்ந்து பேசும் இடம் குறைவு. பிரான்சின் இசையமைப்பாளர் மெஸ்ஸியான் கெட்டிக்காரர். நம் பழைய இசைநூலாசிரியர் சார்ங்கதேவர் பட்டியலிட்ட 120 தேசி தாளங்களைப் படித்து, அவற்றின் கணக்கை மட்டும் எடுத்துத் தன் இசைக்குள் வைத்துக்கொண்டார். இளையராஜா 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாஹுக்கும் ஒருசேரக் காணிக்கையாக ஓர் இசைத்தொகுப்பு தந்தார். அங்கே ஹார்மனியைவிட, ஒரு குரலை இன்னொரு குரல் துரத்தும் கவுன்டர்பாயின்ட்தான் அதிகம் உதவுகிறது என்பது என் எண்ணம். இரண்டும் மெலடிதானே, ஒன்றையொன்று மிதிக்காமல் நடக்கும்.

இன்னொரு பெயரையும் சொல்லாமல் போனால் தென்காசிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சாம்பவர்வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், ஒரு ஸ்தாயிக்குள் 22 சுருதி என்ற கணக்கையே மறுத்து 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற இசைநூலை வெளியிட்டார். அவர் முடிவுகளை ஏற்காதவர்கள் உண்டு, நானும் பாதி வழிதான் கூடப் போவேன். ஆனால் கலப்பதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தாரே, அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

மறுபடி எட்டயபுரம். சின்னசாமி முதலியார் என்ற கிறிஸ்தவர், 1893இல் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஐந்துகோட்டுக் குறியீட்டில் அச்சிட்டார். அவருடைய தூண்டுதலும் சேர்ந்துதான், பாலுசுவாமியின் பேரரான சுப்பராம தீட்சிதர் 1904இல் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற கீர்த்தனைத் தொகுப்பு நூலை எட்டயபுரத்திலேயே பதிப்பித்தார். ஐந்து கோடு அங்கே இல்லை. சரிகமவே, ஆனால் ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி. எழுதிவைக்கும் பழக்கத்துக்கு இடம் கொடுத்தார், அசைவை விட்டுக்கொடுக்கவில்லை.

போதும், பேச்சைவிட வாசிப்பு மேல். வயலினோடு காத்திருக்கும் தங்கை முதலில் ‘சந்ததம் பாஹிமாம்’ வாசிக்கட்டும். ஹார்மோனியத்தில் இருக்கும் அண்ணாச்சி இஷ்டம்போல் கார்ட் பிடிக்கலாம். அடுத்தது தோடி. அண்ணாச்சி, அப்போது மட்டும் சட்ஜமும் பஞ்சமமும் போதும். மற்ற விரல்களை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள்.