எட்டடிப் பெட்டிக்கு எத்தனை வாட்?

[காட்சி: எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்தில் ப்ளைவுட் பெட்டி. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மண்ணைப் பிராண்டிக்கொண்டிருக்கும் சவானா உடும்பு.]

லண்டன்ல எங்க வீட்டுப் பின் ரூம் இது. ஜனவரி மாசம் இங்க 18 டிகிரிதான். பெட்டிக்குள்ள இருக்கிறவனுக்குப் பூர்வீகம் சகாராவுக்குத் தெற்கே இருக்கிற புல்வெளி. வெளிய இருந்து சூடு கிடைச்சாத்தான் அவனுக்குத் தின்னதே செரிக்கும்.

இது ஆப்பிரிக்க உடும்பு. நம்ம ஊர் உடும்பைப் பிடிச்சு வளர்க்கலாம்னு யாரும் கிளம்பிடாதீங்க. இந்தியாவுல அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. ஜெயிலுக்குப் போகவேண்டி வரும்.

"நாலுக்கு ரெண்டுக்கு ரெண்டு பெட்டியில 100 வாட் போதும். இது எட்டு மடங்கு பெருசு, அப்போ 800 வாட்டா?"ன்னு கேக்கறாங்க.

இல்லைங்க. எட்டு மடங்கானது உள்ள இருக்கிற இடம். சூடு கசியறது சுவர் வழியா. சுவர்ப் பரப்பு 40 சதுர அடியிலிருந்து 160 ஆகுது, அதாவது நாலு மடங்குதான்.

[காட்சி: பெட்டியின் வெளிப்புறம். ப்ளைவுட் மேல் ஃபோம் ஷீட் ஒட்டும் கை.]

உள்ள சராசரி 28, ரூம் 18. வெறும் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்னா, கண்ணாடியையும் சேர்த்து மணிக்கணக்கா சுமார் 400 வாட் கசிஞ்சுகிட்டே இருக்கும். வெளிப்பக்கம் ஒரு அங்குல ஃபோம் ஷீட் ஒட்டினா அது ஏறக்குறைய பாதி. ஒட்டின பிறகு பாருங்க, மத்த அஞ்சு பக்கமும் சேர்ந்து விடற சூட்டை அந்தக் கண்ணாடி ஒண்ணே விட்டுரும். காத்துத் துவாரத்துல போறது தனி. அதுக்காக அதை அடைக்காதீங்க. ஃபோமை உள்பக்கம் ஒட்டவே கூடாது. இவன் நகத்துக்கு அது ஒரு ராத்திரி தாங்காது.

[காட்சி: வரிசையாக நாலு ஹாலோஜன் பல்பு, கீழே தட்டையான கல்.]

இப்போ பல்பு. நான் தப்புப் பண்ணின இடம் இதுதான். ஆரம்பத்துல ஒரே ஒரு 150 வாட் பல்பைக் கிட்டத்துல தொங்கவிட்டேன். கல்லுல டெம்பரேச்சர் கன் 55 காட்டுச்சு. சரியாத்தான் இருக்குன்னு நினைச்சேன். ஒரு மாசத்துல முதுகு நடுவுல, பத்து பென்ஸ் நாணயம் அளவுக்கு, செதில் பழுப்பாகி விறைச்சுப் போச்சு. தொட்டா முந்திரித் தோடு மாதிரி இருக்கு.

காரணம் என்னன்னா, இவன் உடம்பு மட்டும் ஒன்றரை அடி. வால் கணக்குல இல்ல. ஒத்தை பல்போட வெளிச்சம் விழறது உள்ளங்கை அகலம். முதுகு வேகுது, வயிறும் தொடையும் இன்னும் குளிருது. உடம்பு முழுக்கச் சூடேறாததால அவன் இறங்கவே மாட்டேங்கறான். சூடு பத்தாமத்தான் சுட்டுக்கிட்டான்.

அதனால சின்ன பல்பா நாலு, 80 வாட், கொஞ்சம் தள்ளி, மூக்குல இருந்து வாலடி வரைக்கும் ஒரே சீரா விழற மாதிரி. மொத்தம் 320 வாட். ஃபோம் ஒட்டின பெட்டிக்குப் பகல்ல இதுவே போதும். கல் மேல 50க்குக் கீழ வேண்டாம், எதிர்க் கோடியில 25 இருக்கணும். வெளிச்சமே இல்லாம சூடு மட்டும் தர்ற செராமிக் ஹீட்டர் காத்தையும் தோல் மேற்பரப்பையும்தான் சுடவைக்கும். ஹாலோஜன் சூடு சூரியன் மாதிரி தோலுக்கு அடியில இறங்கும். ஹீட் ராக்குன்னு, கரண்ட்ல சூடாகிற செயற்கைக் கல் ஒண்ணு விக்கறாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க.

சூட்டைக் கட்டுப்படுத்தற தெர்மோஸ்டாட்டுல பல்புக்கு டிம்மிங் வகை, அதாவது வெளிச்சத்தை மெல்லக் கூட்டிக் குறைக்கறது. செராமிக்குக்கு பல்ஸ் வகை, அதாவது கரண்டை விட்டு விட்டுக் கொடுக்கறது. சூட்டை அளந்து அதுக்குச் சொல்ற ஒயர் முனை, அதான் ப்ரோப், அதை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க. அது கழண்டு குளிர்ப் பக்கம் விழுந்தா, பல்பு முழு வேகத்துல எரிஞ்சுகிட்டே இருக்கும்.

[காட்சி: மண்ணுக்குள் செருகிய தெர்மாமீட்டர்.]

ராத்திரி காவல் மண்ணுதான். ரெண்டடி ஆழம், ஈரப்பதமா. பகல்ல வாங்கின சூட்டை மெதுவா விடும். ஆனா கணக்குப் பாத்துக்குங்க, எடை ரெண்டு டன்னுக்கு மேல. மாடியில வைக்கற வேலை இல்ல.

[காட்சி: காலை எட்டு மணி. பல்புகள் மெல்ல எரியத் தொடங்குகின்றன. வளையிலிருந்து மூக்கு நீள்கிறது.]

முன்னெல்லாம் மதியம் வரைக்கும் கல்லை விட்டு அசைய மாட்டான். இப்போ அரை மணி நேரம், அவ்வளவுதான். இதோ இறங்கிட்டான், மண்ணு பறக்குது.